பெரிய செடானைக் கொடுத்துச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தேன், ஸ்டியரிங் அலைகிறது. உதவுங்கள்

ஒற்றைச்சாவி:
வணக்கம். நாலு கதவு வண்டியைக் கொடுத்துவிட்டு இரண்டு சீட் வண்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. 80-க்கு மேல் போனால் முன்பக்கம் தானாக இடதும் வலதும் தேடுகிறது. ரோட்டில் தடம் விழுந்திருந்தால் அதிலேயே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சின்ன மேடுகூட முதுகில் அறைகிறது. "பழைய வண்டிக்கு என்ன குறைச்சல்?" என்று வீட்டில் ஆரம்பித்தாயிற்று. கோளாறு வண்டியிலா, என்னிடமா? ஞாயிறு நீண்ட பயணம், அவசரம்.

மழைக்காகம்:
என்ன வண்டி? எந்த வருடம்? முன்பு வைத்திருந்தது எது?

நாலாவதுகியர்:
அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். வண்டியைப் பார்க்காமலே சொல்வேன்.

எண்ணெய்க்கறை:
டயரில் காற்று எவ்வளவு? டயருக்கு வயது என்ன?

ஒற்றைச்சாவி:
மன்னிக்கவும். மஸ்டா எம்எக்ஸ்-5, 2 லிட்டர், 2016. முன்பு பி.எம்.டபிள்யூ எம்5, இ39 மாடல். காற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருக்கிறது.

வி8விசுவாசி:
எம்5-ஐக் கொடுத்தீர்களா! கோளாறு வண்டியில் இல்லை சார், முடிவில்.

பழையவர்:
தம்பி, மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் கை தேயாது. எம்5-இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,830 மி.மீ. இதில் 2,310. அது 1.8 டன்னை ஒட்டிய எடை, இது ஒரு டன்னை ஒட்டி. விரலை அசைத்தாலே திரும்பும், அதற்குத்தான் இதை வாங்குகிறார்கள். லாரி ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

வி8விசுவாசி:
எடை குறைவு என்று பெருமை வேறு! எம்5-இன் 400 குதிரைத்திறனை 1.8-ஆல் வகுத்தாலும் டன்னுக்கு 220-க்கு மேல் வருகிறது. இதில் 160. டிக்கி 130 லிட்டர்தான், இரண்டு பைக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவர் மடியில்தான்.

மழைக்காகம்:
அந்த 400-ஐ ரோட்டில் எத்தனை முறை முழுதாக மிதித்தீர்கள்? இதில் ஒவ்வொரு கியரையும் கடைசி வரை இழுத்து மாற்றலாம். சுகம் அதில்தான்.

வி8விசுவாசி:
குடும்பத்தை எங்கே உட்கார வைப்பீர்கள், கியர் மேலா?

பழையவர்:
இரண்டையும் ஓட்டாதவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்ணெய்க்கறை:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச்சாவி, "சரியாக" என்பது ஓர் எண் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருப்பதைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது நாலையும் அளந்து பாருங்கள். அப்புறம் டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம். 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் டார்ச் அடித்துத் தேடுங்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

நாலாவதுகியர்:
எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? முன்சக்கரங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் அலையும். டோ, அதாவது அந்தக் கோணத்தைப் பார்த்தால் போதும்.

ஒற்றைச்சாவி:
ஸ்டிக்கரில் 29 பி.எஸ்.ஐ. நாலிலும் 36 இருந்தது! வாங்கிய அன்றே பழைய வண்டி ஞாபகத்தில் நான்தான் 36 அடிக்கச் சொன்னேன். 29-க்கு இறக்கினேன், முதுகு பிழைத்தது. அலைச்சலும் பாதி குறைந்துவிட்டது. பின் டயர் இரண்டும் 1416. எல்லாருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

எண்ணெய்க்கறை:
1416-ஆ? வண்டியோடு வந்த டயர் ஐயா அது! மாற்றாமல் கிளம்பாதீர்கள். மழை பெய்தால் பின்பக்கம் சொல்லாமல் முன்னே வந்துவிடும்.

எண்ணெய்க்கறை:
ஒற்றைச்சாவி, பார்த்தீர்களா?

மழைக்காகம்:
போய்விட்டார் போல.

நாலாவதுகியர்:
மீதிப் பாதி அலைன்மென்ட்தான். முதலிலேயே சொன்னேன்.