அந்த 3,000 ரூபாய் யார் வீட்டுப் பணம்?

சிம்மக்கல் கோமதி:
நேற்று திருமங்கலத்தான் இங்கே பெரிய நியாயம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். மறுமணம் செய்து பிள்ளையும் பிறந்துவிட்டால் முதல் பிள்ளையின் ஜீவனாம்சம் குறையத்தான் வேண்டுமாம், உச்ச நீதிமன்றமே குறைத்திருக்கிறதாம். அந்தத் தீர்ப்பை நானும் படித்தேன். 2017 ஏப்ரலில் வந்தது, மேற்கு வங்காளத்து வழக்கு. கணவரின் நிகரச் சம்பளம் 95,527 ரூபாய். மனைவிக்கும் மகனுக்குமாக மாதம் 23,000 தர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அவர் மறுமணம் செய்துகொண்டு பிள்ளையும் பெற்றிருக்கிறார் என்று உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது. ஒரே ஒரு கேள்வி. அந்த 3,000 யார் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது?

திருமங்கலத்தான்:
அக்கா, குறைத்தது நான் இல்லை. நீதிபதி பானுமதி அம்மா எழுதிய தீர்ப்பு அது, நம் தமிழ்நாட்டுக்காரர்தான். பிந்திப் பிறந்த பிள்ளைக்குப் பசிக்காதா? நான் மாதம் 7,000 கட்டுகிறேன், ஒரு தேதி தவறியதில்லை. சின்னவளுக்குப் பால்மாவு வாங்கக் கடையில் நிற்கும்போது அந்த 7,000 கண்முன் வந்து நிற்கிறது. அது யாருக்குப் புரியும்?

சிம்மக்கல் கோமதி:
மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த அன்று பால்மாவு விலை தெரியாதா தம்பி? சின்ன வீட்டுச் செலவுக்குப் பெரிய வீட்டுப் பிள்ளை ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? 3,000-க்குப் பதில் வரவில்லை.

ஒத்தக்கடை குமாஸ்தா:
இருவருமே பாதிதான் படித்திருக்கிறீர்கள். நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 95,527-க்குக் கால் பங்கு போட்டால் 23,882 வரும். ஆக 23,000 என்பதே அதற்குக் கீழேதான், 20,000 என்றால் 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தவிர, 25 என்பது எல்லோருக்குமான விதியும் அல்ல. 2020 நவம்பர் 4 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எந்த வாய்ப்பாட்டையும் கட்டாயமாக்கவில்லை. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், தம்மை நம்பியிருப்பவர்கள் என்று எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்காகும்.

சிம்மக்கல் கோமதி:
குமாஸ்தா ஐயா, சதவீதம் போடத் தெரிந்த உங்களுக்குக் கழித்தல் தெரியாதா? 23,000-இல் 20,000 போனால் எவ்வளவு? அது யாருடையது?

மேலூர் முத்து:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். "சின்ன வீடு" என்ற சொல்லைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை. என் அம்மாவை ஊர் அப்படித்தான் சொன்னது. அப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருப்பது கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். அப்போதெல்லாம் சட்டத்தில் 500 ரூபாய்தான் உச்சவரம்பு, 2001-இல்தான் எடுத்தார்கள். எனக்கு விதித்தது 150. அதையும் வாங்க அம்மா எத்தனை வாய்தாவுக்குப் பஸ் ஏறினார் என்று உங்கள் கழித்தலில் வருமா? முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று பசிக்கு வரிசை எண் கொடுக்கிறீர்களே அக்கா.

ஒத்தக்கடை குமாஸ்தா:
முத்து சொல்வது சட்டப்படியும் சரி. திருமணம் செல்லாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு.

சிம்மக்கல் கோமதி:
அந்தச் சொல் முத்துவுக்காக எழுதியதல்ல, திருமங்கலத்தானுக்காக எழுதியது. ஊர் வழக்கில் உள்ள சொல்தான், திரும்பப் பெறமாட்டேன். முத்துவுக்கு 150 கொடுத்த தகப்பனும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். "எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது" என்று.

திருமங்கலத்தான்:
நான் முறையாக விவாகரத்து வாங்கி, அதன்பின் முறையாகத் திருமணம் செய்தவன். என்னையும் முத்துவின் அப்பாவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மேலூர் முத்து:
என் அப்பாவைப் பற்றி நான் பேசுவேன். நீங்கள் பேச வேண்டாம்.

பூக்கடை பாண்டி:
எல்லோரும் மாதச் சம்பளக்காரர்களாகவே பேசுகிறீர்கள். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்பவன் எதில் கால் பங்கு கொடுப்பான்? கோடையில் மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், விலை படுத்துவிடும். மார்கழிப் பனியில் விலை எகிறும், விற்கப் பூ இருக்காது. பிரமாணப் பத்திரத்தில் எந்த மாதத்தை எழுதுவது?

சிம்மக்கல் கோமதி:
பெண்டாட்டி வழக்குப் போட்டால் மட்டும் வருடம் முழுவதும் மல்லிகைக்குப் பனிக்காலம்தான்.

பூக்கடை பாண்டி:
எனக்கு ஒரே மனைவி, ஒரே வீடு, ஒரு வழக்கும் இல்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில் முழம் விலை பற்றி நான் எழுதியதிலிருந்தே அக்காவுக்கு என்மேல் காய்ச்சல்.

சிம்மக்கல் கோமதி:
காய்ச்சல் இல்லை, கணக்கு. உங்கள் கடை முழம் என் கையில் முக்கால் முழம்.

பூக்கடை பாண்டி:
முழம் போடுவது கட்டுகிறவர் கையளவு, வாங்குகிறவர் கையளவு இல்லை. நாற்பது வருடமாக அப்படித்தான்.

திருமங்கலத்தான்:
இப்போதாவது தெரிகிறதா, இந்த அக்காவிடம் எதை அளந்து கொடுத்தாலும் குறையத்தான் செய்யும்.

சிம்மக்கல் கோமதி:
தம்பி திரும்பி வந்துவிட்டார். நல்லது. 3,000?

ஒத்தக்கடை குமாஸ்தா:
துல்லியமாகச் சொன்னால் கால் பங்குக்கும் 20,000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 3,882.

சிம்மக்கல் கோமதி:
அப்படியா? அப்படியானால் அந்த 3,882 யாருடையது?

பூக்கடை பாண்டி:
முக்கால் முழம் என்றீர்களே, எந்தக் கடையில் வாங்கியது? என் கடையா, பக்கத்துக் கடையா? அதை முதலில் சொல்லுங்கள்.