கோத்தகிரி வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை, வழி சொல்லுங்க

கோபி வயக்காடு:
எல்லோருக்கும் வணக்கங்க. சொந்த ஊர் கோபி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் 12 சென்ட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. தொல்லை எல்லாம் வெளியேதான்.

எங்கள் தாத்தா வீடு நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு. சித்திரை வெயிலிலும் முற்றத்தை ஒட்டிய ஆசாரத்தில் (கூடத்தில்) படுத்தால் எழ மனசு வராது. அந்த நினைப்பில், வெயில் துளி படாமல் வடக்குப் பார்த்து 20க்கு 12 அடியில் திண்ணை வைத்தேன். எதிரே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மேலே கான்கிரீட் தளம், கீழே பளபளப்பான டைல்ஸ்.

இப்போது ஐப்பசி தொடங்கினால் தை முடியும்வரை அந்தப் பக்கம் ஆள் போவதில்லை. காலை பத்து மணிக்கும் தரை சில்லென்று காலைக் கடிக்கிறது. ஓரமெல்லாம் பாசி. அம்மா ஒருநாள் வழுக்கி விழுந்தார், நல்ல வேளை சிராய்ப்போடு போயிற்று. மழை அடித்தால் சறுக்குக் கதவுக்கு அடியில் தண்ணீர் ஹாலுக்குள் வருகிறது. பக்கத்தில் ஆசையாகப் போட்ட பலகைத் தளம் அடியில் பூஞ்சை பிடித்து மெத்தென்று அமுங்குகிறது. அப்புறம், திண்ணையைத் தாங்கும் 7 அடி கருங்கல் சுவர் நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளின மாதிரி தெரிகிறது. கட்டிய மேஸ்திரி "கல்லே அப்படித்தானுங்க" என்கிறார்.

மொத்தமாகக் கண்ணாடி போட்டு மூடிவிடலாமா? கையில் 3 லட்சம் இருக்கிறது.

காங்கேயம் காளை:
திண்ணையை எங்களுக்குக் கொடுத்துவிடுங்க. இங்கே 39 டிகிரி.

மட்டப்பலகை:
கண்ணாடிப் பேச்சை ஓரம் வையுங்க அண்ணா. சுவரைச் சொல்லுங்க. சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா? மழை பெய்யும்போது அதில் தண்ணீர் வருகிறதா? மொட்டைமாடித் தண்ணீர் எங்கே இறங்குகிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்க. நான் மேட்டுப்பாளையத்தில் 22 வருஷமாகக் கட்டட வேலை செய்கிறேன். வீட்டைவிட இந்த மாதிரி மண்ணைத் தாங்கும் சுவருக்குத்தான் பயப்படுகிற ஆள் நான்.

கோபி வயக்காடு:
நேற்று நல்ல மழை. குடை பிடித்துப் போய்ப் பார்த்தேன். 30 அடி நீளச் சுவருக்கு மூன்றே ஓட்டை. மூன்றிலும் ஒரு சொட்டு இல்லை. கம்பி விட்டுப் பார்த்தால் ஒரு சாண் உள்ளே களிமண் அடைப்பு. மாடித் தண்ணீர்க் குழாய் திண்ணை மூலையில் மண்ணுக்குள் இறங்குகிறது. அதற்கப்புறம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

மட்டப்பலகை:
சுவருக்குப் பின்னால்தான் போகிறது. ஓட்டை காய்ந்து கிடக்கிறது என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, வெளியே வர வழியில்லை என்று அர்த்தம். ஈரமான செம்மண்ணின் பாரமும் தண்ணீரின் தள்ளுதலும் சேர்ந்து சுவரைத் தள்ளுகின்றன. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போயிற்று என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்க. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அவ்வளவு வேண்டாம், அதில் கால்வாசி வந்தாலே உங்கள் சுவர் நிற்குமா என்பது சந்தேகம்.

நாளைக்கே மாடிக் குழாயைத் துண்டித்து, தற்காலிகமாக ஹோஸ் போட்டுச் சுவரைத் தாண்டிச் சாக்கடையில் விடுங்க. இதற்குச் செலவு ஆயிரத்துச் சொச்சம்தான். வயிறு தள்ளிய இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, நூல் கட்டி, வாரம் ஒருமுறை அளந்து வையுங்க. கூடிக்கொண்டே போனால் அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பின்னால் ஓரடி அகலத்துக்கு வெறும் ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டும் துணி, ஐந்தடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய் வெளிப்பக்கம் வாட்டமாக. 7 அடிச் சுவர் என்பதால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் கை வைக்க வேண்டாம். பொக்லைன் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. நீலகிரியில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஹட்டிக்காரன்:
நான் உள்ளூர்தான். சமவெளியில் இருந்து வருகிற எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். கீழே வெயிலுக்கு ஒளிவீர்கள், இங்கே நாங்கள் வெயிலைத் தேடுவோம். டிசம்பர் காலையில் எங்கள் ஹட்டி (படகர் ஊர்) பாட்டிகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் திண்ணை எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. தென்மேற்கைத் தொட்டபெட்டா மலை மறித்துவிடும். நீங்கள் திண்ணையைத் திறந்து வைத்திருப்பது சரியாக மழை வரும் பக்கம்.

தாழ்வாரம்:
கோவையில் வீடு வடிவமைக்கிறேன். ஹட்டிக்காரர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரைதான் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மீதி மாதமெல்லாம் தெற்கே. டிசம்பரில் நடுப்பகல் உயரம் 55 டிகிரி. தெற்குப் பார்த்த தாழ்வாரம் 9 அடி உயரத்தில் இருந்தால் வெயில் அதன் விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே வரும். உங்கள் வடக்குத் திண்ணைக்கு அந்தக் காலத்தில் ஒரு கீற்றுகூடக் கிடையாது. கண்ணாடி போட்டாலும் உள்ளே வர வெயில் இருந்தால்தானே சூடாகும்? மூடினால் குளிர்ந்த பெட்டிதான் மிஞ்சும், கண்ணாடியில் நீர் கோத்து வடியும்.

வீட்டுக்குத் தென்கிழக்கே என்ன இருக்கிறது?

கோபி வயக்காடு:
கார் நிறுத்துகிறேன்.

தாழ்வாரம்:
நல்ல இடத்தைக் காருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்! காரை வடக்கே அனுப்ப முடியுமா பாருங்க. காலை வெயில்தான் முக்கியம், மதியத்துக்கு மேல் மேகமோ மூடுபனியோ இறங்கிவிடும். புதுத் திண்ணை அந்தத் தென்கிழக்கில் 12க்கு 10 அடி போதும். மேலே ஓடு, முன்வரிசை மட்டும் தெளிவான பாலிகார்பனேட். கிழக்கு வடகிழக்கில் இடுப்பளவு சுவரும் அதற்கு மேல் கண்ணாடியும், மற்ற பக்கம் திறப்பு.

தரைக்குத் தீயில் பொரித்த சொரசொரப்புக் கிரானைட். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், வீட்டை விட்டு வெளியே. வெளித்தரை ஹாலை விட 4 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக இருப்பது படத்தில் அழகு, மழையில் அவஸ்தை. பழைய திண்ணையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்களேன், எந்தப் பக்கம் ஓடுகிறது?

கோபி வயக்காடு:
கதவைப் பார்த்துத்தானுங்க ஓடுகிறது.

மட்டப்பலகை:
ரசமட்டம் வைக்காத வேலை. அங்கே டைல்ஸையும் அடிக்கலவையையும் பெயர்த்தால் இரண்டு அங்குலம் கிடைக்கும். கதவுக்கு முன்னால் கம்பிவலை மூடிய கால்வாய் ஒன்று வெட்டுங்க. சன்ஷேடின் அடிவிளிம்பில் காடி (தண்ணீர் சொட்டி விழ நீளப் பள்ளம்) எடுத்திருக்கிறதா பாருங்க, இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வரும். பாசிக்கு ஆசிட் ஊற்றாதீங்க, டைல்ஸ் இணைப்பில் உள்ள சிமெண்டைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தால் போதும். பலகையைச் சிமெண்ட் மேலேயே படுக்க வைத்திருப்பார்கள், அதுதான் அழுகல். கட்டை கொடுத்து நாலு அங்குலம் தூக்கி, பலகைக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, தேக்கில் போட்டால் நிற்கும். நானாக இருந்தால் பலகையே வேண்டாம் என்பேன்.

ஏற்காடு மிளகு:
எங்கள் வீட்டில் திண்ணையைத் தார்ப்பாய் கட்டி மூடிவிட்டு உள்ளே கரி அடுப்பு வைப்போம். கதகதவென்று இருக்கும்.

தாழ்வாரம்:
ஐயா, தயவுசெய்து நிறுத்துங்க. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு பக்கம் திறந்திருந்தால் மட்டும் நெருப்பு, அதுவும் படுக்கப் போகும் முன் அணைத்து வெளியே.

ஹட்டிக்காரன்:
அணைத்த அடுப்பில் கறி எண்ணெய் சொட்டியிருந்தால் அதையும் கழுவிவிட்டுப் படுங்க. இங்கே கரடி உண்டு.

கோபி வயக்காடு (நான்கு மாதம் கழித்து):
சுவர் மாதம் கால் அங்குலம் நகர்ந்தது. இன்ஜினியர் சொன்னபடி நடுவில் 11 அடி பிரித்துக் கட்டியாயிற்று. பின்னால் தோண்டியபோது சேறும் செங்கல் உடைசலும்தான் இருந்தன, ஜல்லி பேருக்குக்கூட இல்லை. அதற்கே ஒன்றே முக்கால் லட்சம். மிச்சத்தில் தென்கிழக்குத் திண்ணைக்குத் தரையும் ஓடும் முடிந்தன, கண்ணாடி அடுத்த வருஷம். அம்மா எட்டு மணிக்கே காபியோடு அங்கே போய்விடுகிறார். வடக்குத் திண்ணையில் இப்போது கார், உருளைக்கிழங்கு மூட்டை, கொடித்துணி.

ஒரே ஒரு சிக்கல். போன வாரம் திண்ணை விளக்கு மாடத்தில் வைத்திருந்த நல்லெண்ணெய்ச் சட்டியைக் காணோம். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நசுங்கிக் கிடந்தது.

ஹட்டிக்காரன்:
சொன்னேனே! இனி எண்ணெய் வீட்டுக்குள் இருக்கட்டும். வேலிப் பக்கம் பேரிக்காய் மரம் இருக்கிறதா? இருந்தால் பழுக்கும் முன்னால் பறித்துவிடுங்க.