ஷார்ட்ஹேண்ட் சீனியர் முடிச்சாச்சு, பார்லிமென்ட் வேலைக்கு எங்க அப்ளை பண்றது?

வியாசர்பாடி_பிகாம்:
வயசு 24. பி.காம். இங்கிலீஷ் டைப்ரைட்டிங் சீனியர், ஷார்ட்ஹேண்ட் சீனியர் (நிமிஷத்துக்கு 120 வார்த்தை) ரெண்டும் பாஸ். எஸ்.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. ரெண்டு சைட்லயும் தேடிட்டேன், பார்லிமென்ட் ரிப்போர்ட்டர் (சபைப் பேச்சை ஷார்ட்ஹேண்ட்ல எடுத்து டைப் பண்ற வேலை) போஸ்ட் கண்ணுலயே படல. இதுக்கு நடுவுல வாட்ஸாப்ல ஒரு ஃபார்வர்ட்: "நாடாளுமன்றத்தில் நிரந்தர வேலை, எம்.பி. கோட்டா, தேர்வு கிடையாது, பதிவுக் கட்டணம் ரூ.1,850". கீழ ஜிபே நம்பர். கட்டலாமா? அப்புறம் நம்ம ஊரு கம்யூனிட்டி சர்டிஃபிகேட் டெல்லியில செல்லுமா?

மின்ட்_ஸ்டெனோ:
முதல்ல, பணம் கட்டாதீங்க. எம்.பி. கோட்டான்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

எஸ்.எஸ்.சி.ல ஏன் வரலன்னா, அரசியலமைப்பு 98வது பிரிவுப்படி ரெண்டு சபைக்கும் தனித்தனி செயலகம். மந்திரிசபையோட துறைகள்ல அது சேராது. லோக்சபா செயலகத்துக்கு 1955லயும் ராஜ்யசபா செயலகத்துக்கு 1957லயும் போட்ட சொந்த பணி விதிகள் இருக்கு, ஆளையும் அவங்களே எடுக்கறாங்க. அதனால எஸ்.எஸ்.சி. ஸ்டெனோ கிரேடு சி, டி எழுதி பாஸ் பண்ணாலும் மத்திய அரசு ஆபீசுக்குத்தான் போவீங்க, சபைக்குள்ள இல்ல. பார்க்க வேண்டியது சன்சத் டாட் இன் தளம். லோக்சபா பக்கத்தையும் ராஜ்யசபா பக்கத்தையும் தனித்தனியா திறந்து பாருங்க. மத்திய அரசோட வேலைவாய்ப்பு வாரப் பத்திரிகை எம்ப்ளாய்மென்ட் நியூஸ்லயும் விளம்பரம் வரும். வருஷா வருஷம் வரும்னு நம்பி உட்காராதீங்க, காலியிடம் இருந்தாத்தான்.

காலடிப்பேட்டை_சட்டம்:
அந்த ஃபார்வர்ட்ல பாதி உண்மையைக் கலந்து அடிச்சிருக்கான். எம்.பி. தனக்கு ஒரு உதவியாளரை வச்சுக்கலாம், அதுக்குப் பரீட்சை இல்ல, அவர் கை காட்டுற ஆள்தான். 2025ல திருத்தினபடி அலுவலகச் செலவுப்படி மாசம் 75,000, அதுல 50,000 கம்ப்யூட்டர் தெரிஞ்ச உதவியாளருக்கு. ஆனா அது செயலக வேலை இல்ல. எம்.பி. பதவி போனா அதுவும் போச்சு. நிரந்தரம்னு எவன் சொன்னாலும் பொய்.

உங்க வயசுக்கு இன்னொண்ணு: பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேடிவ் ரிசர்ச்ங்கிற ஆராய்ச்சி அமைப்பு நடத்துற லேம்ப் ஃபெலோஷிப். 2010ல இருந்து நடக்குது. 25 வயசுக்குள்ள, ஏதாவது டிகிரி போதும். ஒரு எம்.பி.கிட்ட மழைக்காலக் கூட்டத்தொடர்ல ஆரம்பிச்சு பட்ஜெட் கூட்டத்தொடர் வரைக்கும் ஆராய்ச்சி வேலை. ஸ்டைபண்ட் உண்டு. இது வேலை இல்ல, அனுபவம் மட்டும்தான்.

மின்ட்_ஸ்டெனோ:
இப்ப ஸ்பீடுக்கு வரேன், ஏன்னா அங்கதான் நம்ம பசங்க விழறாங்க. பார்லிமென்டரி ரிப்போர்ட்டருக்குக் கேட்டது நிமிஷத்துக்கு 160 வார்த்தை. நம்ம டெக்னிக்கல் எக்ஸாம்ல சீனியர் 120, அதுக்கு மேல ஹைஸ்பீடு 150. ஆக, அந்த 150 சர்டிஃபிகேட் கையில இருந்தாலும் 10 வார்த்தை குறையும்.

ஷார்ட்ஹேண்ட்ல எடுக்கிறது ஒரு பக்கம், அதை டைப் தட்டுறது இன்னொரு பக்கம். 5 நிமிஷப் பேச்சு 160ல 800 வார்த்தை. டைப்பிங் சீனியர் ஸ்பீடு 45ல அதைத் தட்டவே கிட்டத்தட்ட 18 நிமிஷம் ஆகும். அதுவும் டைப்பிங்ல 5 தட்டு ஒரு வார்த்தைன்னு கணக்கு, சபைப் பேச்சுல வர்ற வார்த்தை அதைவிட நீளம். நோட்டைப் படிக்கத் தடுமாறுற நேரம் தனி. டைப்ரைட்டர் மெஷின்லயே பழகின கை கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு மாறணும், இல்லன்னா ஒரே அழுத்துல ரெண்டு எழுத்து விழும்.

பயிற்சிக்கு, சபை விவாதம் எழுத்துல அந்த சன்சத் தளத்துலயே கிடைக்கும். ஒரு பக்கத்தை எடுத்து 40 வார்த்தைக்கு ஒரு கோடு போடுங்க. 15 செகண்டுக்கு ஒரு கோடு தாண்டினா 160. ஆனா எடுத்த எடுப்புல அங்க போகாதீங்க: 130ல ஆரம்பிங்க, எழுதினதைத் தடங்கல் இல்லாம திருப்பிப் படிக்க முடிஞ்சா அடுத்த 10. லோக்சபா கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. அதை லைவா போட்டு எடுத்தா ஊர்ப் பேரு, எண், குறுக்கே கத்துறது எல்லாம் பழகும். நடுவுல இந்தி வந்தா அந்த இடத்துல பேனா நிக்கும், நிக்கட்டும். "மிஸ்டர் ஸ்பீக்கர் சார்", "ஆனரபிள் மெம்பர்" மாதிரி தொடருக்கு ஒரே இழுப்புல ஃப்ரேஸ் (பல வார்த்தையைச் சேர்த்து ஒரே குறி) போடக் கத்துக்கலன்னா 140க்கு மேல கை ஏறாது.

தாலுகா_ஆபீஸ்_வாசல்:
சர்டிஃபிகேட்: பி.சி., எம்.பி.சி. கார்டு ஸ்டேட்டுக்குத்தான். மத்திய வேலைக்கு ஓ.பி.சி. நான் க்ரீமி லேயர்னு (ஓ.பி.சி.ல வசதியான பிரிவுல வராதவங்கன்னு அர்த்தம்) மத்திய அரசு ஃபார்மட்ல தனியா வாங்கணும். இ-சேவைல "ஓ.பி.சி. சர்டிஃபிகேட்"னு வாயைத் திறந்து சொல்லுங்க, இல்லன்னா பழைய கம்யூனிட்டி கார்டுக்கே மறுபடியும் அப்ளிகேஷன் போட்டுடுவாங்க. உங்க சாதி மத்தியப் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. ஸ்டேட் பட்டியல்ல இருக்கிறது எல்லாம் அங்க இருக்கணும்னு இல்ல. வருமான வரம்பு 8 லட்சம், அதுல அப்பா அம்மாவோட சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆனா ஹார்பர், மணலி ரிஃபைனரி மாதிரி இடத்துல அவங்க ஆபீசரா இருந்தா பதவியை வச்சும் பார்ப்பாங்க. எஸ்.சி., எஸ்.டி.க்கு இந்த வருமானக் கணக்கே கிடையாது.

அப்புறம் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு எழுத்து, ஆதார்ல அப்பா பேரு முழுசா. அப்ளிகேஷன்ல மார்க் ஷீட்ல இருக்கிறபடியே போட்டுட்டு, ஆதாரை அதுக்கு ஏத்த மாதிரி இப்பவே திருத்தி வைங்க. விளம்பரம் வந்தப்புறம் ஓடினா நேரம் பத்தாது.

வியாசர்பாடி_பிகாம்:
ரொம்ப நன்றிண்ணே. ஒரு ராஜ்யசபா விளம்பரத்துல "டெபுடேஷன்"னு இருக்கு. அதுக்குப் போடலாமா?

காலடிப்பேட்டை_சட்டம்:
முடியாது தம்பி. அது ஏற்கெனவே அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு, அவங்க ஆபீஸ் வழியாத்தான் அனுப்பணும். அதை விட்டுட்டு டி.என்.பி.எஸ்.சி.ல சட்டப்பேரவைச் செயலக ரிப்போர்ட்டர் போஸ்ட் வருதான்னு பாருங்க, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுக்கும் எடுத்திருக்காங்க. பேரவை கோட்டையிலதான், பீச் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம்.