எச்டிடிபிஎஸ் இருந்தும் மச்சான் என் ஆர்டரை வாசித்துவிட்டான்

வெள்ளவத்தைப் பொடியன்:
மாமாவின் பலசரக்குக் கடைக்கு ஒரு ஆண்ட்ராய்ட் ஆப் செய்து கொடுத்தேன். எல்லாம் எச்டிடிபிஎஸ் (குறியாக்கிய இணைப்பு) வழியாகத்தான் போகிறது. நேற்று மச்சான் தன் லேப்டொப்பில் ஹொட்ஸ்பொட் போட்டு, என் போனை அதில் இணைக்கச் சொன்னான். இரண்டு கிலோ சம்பாவும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஆர்டர் செய்தேன். அவன் மிட்ம்புரோக்சி (இடையில் நின்று இணைப்பை வாசிக்கும் மென்பொருள்) திரையில் அதை வரி வரியாக வாசித்தான். வீட்டு விலாசம், லொகின் டோக்கன் (கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்காமல் உள்ளே விடும் சீட்டு) எல்லாம் சேர்த்து. அவனுடைய சான்றிதழ் (இணைப்பின் மறுமுனை யார் என்று காட்டும் கோப்பு) எதையும் போனில் ஏற்றவில்லை. எப்படி இது? ஆட்களை விபிஎன் போடச் சொல்லவா?

கொட்டாஞ்சேனை அண்ணா:
கோடில் ட்ரஸ்ட்மேனேஜர் என்று தேடிப் பாரும் தம்பி. சான்றிதழைச் சோதிக்கும் இடம் வெறுமையாக இருக்குமே?

வெள்ளவத்தைப் பொடியன்:
இருக்கிறது அண்ணா. பிரௌசரில் சைட் திறந்தது, ஆப்பில் மட்டும் 'ட்ரஸ்ட் ஆங்கர்' பிழை, அதாவது சான்றிதழை நம்ப ஆதாரம் இல்லையாம். இணையத்தில் கிடைத்த பன்னிரண்டு வரியை ஒட்டினேன், பிழை போய்விட்டது.

கொட்டாஞ்சேனை அண்ணா:
அதோடு காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர். குறியாக்கம் நடக்கிறதுதான், ஆனால் யாரோடு என்று ஆப் கேட்பதில்லை. மச்சான் நீட்டிய சான்றிதழையே மாமாவின் கடை என்று நம்பியிருக்கிறது. ஆண்ட்ராய்ட் 7 வந்த 2016 முதல், பயனர் தானே ஏற்றும் சான்றிதழைக்கூட ஆப்கள் இயல்பில் நம்புவதில்லை. நீர் யாருடையதையும் நம்ப வைத்திருக்கிறீர்!

நோய் சேர்வரில். லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் தரும் நிறுவனம்) என்றால், எஞ்சின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருளின் கோப்பில் 'செர்ட்.பெம்' கொடுத்திருப்பீர், அதில் உமது சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழ் கிடையாது. பிரௌசர்கள் பெரும்பாலும் எப்படியோ சமாளித்துவிடும், ஆப் சமாளிக்காது. 'ஃபுல்செயின்.பெம்' என்று மாற்றி ரீலோட் செய்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு வரியைத் தூக்கிவிடும். ஹோஸ்ட்நேம்வெரிஃபையர் (சான்றிதழிலுள்ள பெயர் சேர்வரின் பெயர்தானா என்று பார்க்கும் பகுதி) எப்போதும் 'ட்ரூ' சொன்னால் அதையும். விபிஎன் வேண்டாம். அது விபிஎன் சேர்வர் வரைக்கும்தான் காக்கும், அதற்கப்பால் இதே ஓட்டை.

தெஹிவளை:
சான்றிதழைப் பின் (pin) பண்ணினால், அதாவது குறித்த ஒன்றை மட்டுமே நம்பும்படி ஆப்பில் பதித்தால், இன்னும் இறுக்கம்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
கவனம். 90 நாள் சான்றிதழ், சேர்ட்பொட் (சான்றிதழை எடுத்துப் புதுப்பிக்கும் நிரல்) சும்மா விட்டால் புதுப்பிக்கும்போது சான்றிதழின் சாவியையும் மாற்றும், பழைய பின் பொருந்தாது. நான் ஒருமுறை அப்படிப் பின் பண்ணி, வருடப்பிறப்புக்கு முதல் நாள் ஆப் மொத்தமாகப் படுத்தது. நானோ மட்டக்களப்பு பஸ்ஸில், போனில் 8 வீதம் சார்ஜ். வேறொரு சாவிக்கு மாற்றுப் பின் ஒன்று வைக்காமல் தொடவேண்டாம். ஆ, பழைய டோக்கன்களை இன்றைக்கே ரத்துச் செய்யும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
செய்துவிட்டேன் அண்ணா. மச்சானின் ஹொட்ஸ்பொட்டில் ஆப் இப்போது இணைய மறுக்கிறது. ஏன் எல்லாரும் திரும்ப லொகின் பண்ணவேண்டும் என்று மாமாதான் காலையிலிருந்து ஏசுகிறார்.