முதல் புத்தகம் போட்டாச்சு, 220 பிரதி கட்டிலுக்கு அடியில இருக்கு, என்ன பண்ணலாம்?

சுங்கை சிப்புட்காரி:
வணக்கம் எல்லாருக்கும். எங்கம்மா இங்க மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல முப்பது வருசம் பால்மரம் வெட்டுனவங்க, அதாவது மரப்பட்டையக் கீறிப் பால் எடுத்தவங்க. அவங்க சொன்ன தோட்டத்துக் கதைங்கள பதினோரு சிறுகதையா எழுதி, போன மாசம் சொந்தமாவே புத்தகம் போட்டேன். 300 பிரதி, அச்சுக்கு மட்டும் 2,700 வெள்ளி (ரிங்கிட்), கூட்டு, அதாவது சீட்டு எடுத்த காசு. இதுவரைக்கும் 80 போச்சு, அதுல பாதி சும்மா கொடுத்தது, சொந்தக்காரங்க வந்து "ஒண்ணு கொடும்மா, படிக்கிறேன்"னா காசு கேட்க வாய் வர மாட்டேங்குது.

இன்னொரு வேதனை, "கொட்டாய்"னு வர்ற இடமெல்லாம் கொம்பு தள்ளிப்போய் துணைக்கால் தனியா நிக்குது. வேர்டுல பார்த்தப்போ சரியாதான் இருந்துச்சு. புத்தகத்தப் பிரிச்சுப் பார்த்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

எல்லாத்தவிட, யாருக்காக எழுதுனேனோ அந்த லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அத்தைங்க யாரும் இன்னும் படிக்கல. வாங்கி, அட்டையத் தடவிப் பார்த்துட்டு சாமி மாடத்துல வெச்சுடறாங்க.

தைப்பிங் அக்கா:
தங்கச்சி, கலங்காத. என் முதல் புத்தகம் வித்து முடிய நாலு வருசம் ஆச்சு. ஐஎஸ்பிஎன், அதான் புத்தகத்துக்கான அடையாள எண், எடுத்தியா? தேசிய நூலகம்தான் கொடுக்குது, காசு கிடையாது, தனி ஆளும் கேட்கலாம். நூலகத்துக்குப் பிரதி ஒப்படைக்கிற 1986 சட்டப்படி அச்சான ஒரு மாசத்துக்குள்ள அஞ்சு பிரதி அங்க அனுப்பணும், இன்னும் அனுப்பலன்னா உடனே அனுப்பு, நமக்கு அப்புறமும் உங்கம்மா கதை அங்க பத்திரமா இருக்கும்ல.

வெளியீடு ஒண்ணு வை. நம்ம நாட்டுல தமிழ்ப் புத்தகம் கடையிலவிட வெளியீட்டுலதான் போகுது, முதல் நூல் வாங்கறவங்க உறையில காசு வெச்சுத் தருவாங்க, அச்சுச் செலவு பெரும்பாலும் அதுலதான் திரும்பும். தமிழ்ப்பள்ளி மண்டபம் கேட்டுப்பாரு. சொந்தக்காரங்ககிட்ட நீ காசு பேசாத, வாசல்ல மேசை போட்டு தம்பி தங்கச்சி யாரையாவது உக்கார வை.

ஈப்போ லேஅவுட்:
அக்கா அந்தக் கொம்பு உங்க தப்பு இல்ல. நீங்க யூனிகோட்லதான் அடிச்சிருப்பீங்க, அச்சுக் கடையில அத இன்டிசைன்ல (பக்கம் வடிவமைக்கிற மென்பொருள்) போட்டப்போ, எழுத்த வரியில அடுக்குற கம்போசர்ங்கிற அமைப்ப சாதாவாவே விட்டிருப்பாங்க, அதுக்கு நம்ம எழுத்த சேர்க்கத் தெரியாது. வேர்ல்ட் ரெடி கம்போசர்னு மாத்தினாலே சரியாயிடும், ரெண்டு நிமிச வேலை. அடுத்த தடவ வேர்டு ஃபைல மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீங்க, அச்சுக்குப் போற பிடிஎஃப்ப கேட்டு வாங்கி, கொ கோ கௌ வர்ற சொல்லா தேடிப் பாருங்க.

பழைய தோட்டத்துப் பையன்:
எங்கம்மா மூணாவது வரைக்கும்தான் படிச்சாங்க, இப்போ கண்ணும் மங்கிப்போச்சு. புத்தகத்தக் கையில கொடுத்தா அவங்களும் மாடத்துலதான் வெப்பாங்க, அதுக்கு மேல அவங்களால என்ன மரியாதை செய்ய முடியும்? நீங்களே போய் படிச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல பூசை முடிஞ்சதும் எல்லாரும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாங்கல்ல, அப்போ ஒரு கதை போதும்.

சுங்கை சிப்புட்காரி:
எல்லாருக்கும் நன்றி. இந்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டுப் போய் முதல் கதையப் படிச்சேன். கை நடுங்குச்சு. விடிகாலையில மரம் வெட்டற இடம் வந்தப்போ ஒரு அத்தை நிறுத்தச் சொல்லி, "கோட்டுப்பால உரிக்காம எப்படிடி கத்தி வெப்பா அவ?"ன்னாங்க. கோட்டுப்பால்னா முன்ன வெட்டுன கோட்டுல காஞ்சு ஒட்டியிருக்கற பால். நான் வெட்டிட்டு உரிக்கற மாதிரி எழுதியிருந்தேன், அம்மாகூட கவனிக்கல. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க நிரைய, அதான் அவங்க வெட்டுன மர வரிசையப் பத்திப் பேச ஆரம்பிச்சு ராத்திரி பத்தாயிடுச்சு, கதைய முடிக்கவே விடல. கிளம்பறப்போ ஏழு பிரதி காசு கொடுத்து வாங்குனாங்க, பேரப்பிள்ளைங்க படிச்சுக் காட்டணுமாம்.

ஐஎஸ்பிஎன் முன்னாடியே எடுத்துட்டேன் அக்கா, அஞ்சு பிரதி திங்கக்கிழமை போஸ்ட் பண்றேன். ஈப்போ தம்பி, அந்த வரியத் திருத்தி ஃபைல அனுப்பவா? கொம்பையும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்க.