மாடி மிளகாய்க்கு மருந்து அடிக்கவா, விடவா?

வெள்ளவத்தை மாடி:
12 சாடி மிளகாய். நுனி இலை எல்லாம் சுருளுகிறது. பக்கத்து வீட்டு அண்ணர் ஒரு போத்தல் பூச்சிமருந்து தந்திருக்கிறார். ‘ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம்’ என்று சொல்கிறார்களே, அதில் ஏதும் உண்டா, வெறும் பேச்சா?

கிளிநொச்சிப் பெடியன்:
பேச்சுத்தான். அடியுங்கள். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரம், பீடைகொல்லி இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டதே, அதற்குள் எங்கள் வயல் பட்டபாடு எனக்குத் தெரியும்.

தெகிவளை அக்கா:
தம்பி, அது தடை. இது வேறு. இதில் மருந்தும் உண்டு, ஆனால் கடைசியில். முதலில் என்ன பூச்சி, எத்தனை என்று பார்ப்பது. சேதம் மருந்துச் செலவைத் தாண்டுமா என்று கணக்குப் போடுவது. கண்டபடி அடித்தால் பூச்சி தின்னும் சிலந்தியும் பொறிவண்டும்தான் முதலில் சாகும். இந்தோனேசியாவில் நெல்லுக்கு அடிக்க அடிக்க, சாறு உறிஞ்சும் கபிலத் தத்திப் பூச்சி பெருகி, 1986இல் 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார்கள். இங்கே 2008இல் பப்பாசிக்கு மாவுப்பூச்சி வந்தபோது அடக்கியது ஒரு சின்னக் குளவி. அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

கிளிநொச்சிப் பெடியன்:
குளவியை அரசாங்கம் கொண்டுவரும், மாடிக்கு யார் கொண்டுவருவது? மிளகாய்க்கு வெண்ஈ வைரசைக் காவி வரும். நீங்கள் எண்ணி முடிக்கச் செடி போய்விடும், அக்கா.

தெகிவளை அக்கா:
வைரசுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே காத்திருக்க முடியாது. ஆனால் பிடித்த செடியை மருந்து சுகப்படுத்தாது, பிடுங்கத்தான் வேண்டும். முதலில், மாடிக்காரர், இலை மேலே சுருளுதா, கீழேயா? மேலே என்றால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழே என்றால் சிற்றுண்ணி. அது பூச்சியே இல்லை, எட்டுக்கால் சாதி. பல பூச்சிமருந்துக்கு அது அசையாது.

வெள்ளவத்தை மாடி:
கீழே. போத்தலில் ‘புழுக்களுக்கு’ என்று போட்டிருக்கிறது 🙈

கிளிநொச்சிப் பெடியன்:
அப்ப அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத்தூள் வாங்கித் தண்ணீரில் கலந்து அடியுங்கள். அதுவும் மருந்துதான், அக்கா!

தெகிவளை அக்கா:
வேண்டாம் என்று நான் எப்ப சொன்னேன்? முதலில் மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். பிறகும் சுருண்டால் அடியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. கொழும்பு மத்தியான வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும்.