எல்.எம்.ஜி. (இலகுரக இயந்திரத் துப்பாக்கி) தனியாள் ஆயுதமா, குழு ஆயுதமா?

குன்னூர் கேடட்:
என்.சி.சி. வகுப்பு முடிந்து சிம்ஸ் பூங்கா வழியாக வரும்போது நண்பர்களுக்குள் கிளம்பிய வாக்குவாதம் இது. ஒருவரே சுடுவது தனியாள் ஆயுதம், பலர் சேர்ந்து இயக்குவது குழு ஆயுதம் என்று பாடத்தில் வருகிறது. இந்தப் பிரிவினைக்குக் காலம் முடிந்துவிட்டது என்பது என் கட்சி. 2020-ல் நம் ராணுவம் 16,479 நெகேவ் எல்.எம்.ஜி. வாங்க இஸ்ரேல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. எடை எட்டு கிலோ அளவுதான். கார்ல் கஸ்டாவ் ராக்கெட் லாஞ்சரின் புது மாடல் ஏழு கிலோவுக்குள் வந்துவிட்டது. குண்டை மேல்நோக்கி வளைவாக வீசும் குழாயான மார்ட்டரைத் தவிர இனி எதற்குக் குழு?

பழைய எம்.எம்.ஜி. (வெலிங்டன்):
தம்பி, நீங்கள் எடையில் ஆரம்பித்ததுதான் சிக்கல். துப்பாக்கியைத் தூக்க ஒருவன் போதும், அதற்குத் தீனி போட முடியுமா? எம்.எம்.ஜி. (நடுத்தர இயந்திரத் துப்பாக்கி) நிமிடத்துக்கு 650 ரவுண்டு (தோட்டா) வேகத்தில் போகும். 200 ரவுண்டு கோத்த பெல்ட்டை விடாமல் அழுத்தினால் இருபது நொடி தாங்காது. அந்த ஒரு பெல்ட்டே ஐந்து கிலோவுக்குக் குறையாது.

நான் நம்பர் டூவாக, அதாவது சுடுகிற நம்பர் ஒன்னுக்குத் துணை ஆளாக இருந்தவன். நம்பர் டூ இடது பக்கம் ஒட்டிப் படுக்கணும். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல், மண் ஒட்டாமல் கையில் ஏந்தி உள்ளே விடணும். குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லணும், ஏனென்றால் சுடுகிறவன் கண்ணெதிரே புகையும் அதிர்வும்தான் இருக்கும். பேரல் (குழல்) சூடேறினால் கைப்பிடியைப் பிடித்துக் கழற்றி, மாற்றுப் பேரலை மாட்டணும். நம்பர் ஒன் அடிபட்டு விழுந்தால் அதே நொடியில் அவன் இடத்தில் இருக்கணும். நெகேவ் வந்தாலும் இந்த வேலை போகாது, அதற்கும் மாற்றுப் பேரல் உண்டு.

குன்னூர் கேடட்:
ஐயா, விடாமல் யார் அழுத்துகிறார்கள்? மூன்று நான்கு ரவுண்டாக விட்டு விட்டுச் சுடத்தானே பழக்குகிறார்கள். உபரி பெல்ட்டைப் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் எல்லோருமே சுமக்கிறார்கள். அந்தக் கணக்கில் பத்துப் பேரும் குழுதான்.

கோத்தகிரி டீச்சர்:
அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதால் இந்தப் பேச்சு கேட்டே வளர்ந்தேன். கோத்திலிருந்து (ஆயுத அறை) ரைபிள் வெளியே வரும்போது பட் நம்பர் (கட்டையில் எழுதிய எண்) பார்த்து ஒருவர் பேரில்தான் வரும். எம்.எம்.ஜி.யின் நம்பர் டூவுக்கும் தனி ரைபிள் உண்டு, அதுதான் தனியாள் ஆயுதம். கார்ல் கஸ்டாவைப் பாருங்கள். குண்டை நிரப்ப வேண்டியது பின்பக்கம். சுடுகிறவர் தானே நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் தோளிலிருந்து இறக்கணும். நிரப்பித் தர லோடர் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு வரை போகும். பின்னால் சீறும் தீயில் நம் ஆள் யாரும் இல்லை என்று பார்ப்பதும் லோடர்தான். ஒரு குண்டே மூன்று கிலோ, லாஞ்சர் இளைத்து என்ன பயன்?

ஆனால் பாடத்தில் ஆயுதங்களைப் பட்டியல் போட்டுப் பிரிப்பதை நானும் ஏற்கவில்லை. அதே எம்.எம்.ஜி. பைபாடில் (இருகால் தாங்கி) 800 மீட்டர், டிரைபாடில் (முக்காலி) 1,800 மீட்டர் வரை பலன் தரும். துப்பாக்கி ஒன்று, வேலை இரண்டு. வேலையைப் பார்த்துத்தான் ஆள் கணக்கு வரணும்.

அருவங்காடு:
மார்ட்டரை ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டீர்கள். கார்டைட் (வெடிமருந்து) பேக்டரியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கே விஷயம் சுமையோடு முடியவில்லை. 81 எம்.எம். மார்ட்டரின் பேரல், பைபாட், பேஸ் பிளேட்டை (அடித்தட்டு) ஆளுக்கொன்றாக மேலே ஏற்றலாம். அதன் பிறகு? தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம் குழாய், அந்தச் சரிவில் இலக்கு என்றால், குண்டு போடுகிறவருக்கு எதுவும் தெரியாது. முகட்டில் இருப்பவர் வயர்லெஸ்ஸில் சொல்லும் திருத்தம்தான் கண். குண்டின் வாலைச் சுற்றிக் கட்டும் சார்ஜ் (உந்து மருந்து) ஒன்று கூடினால்கூட குண்டு இலக்கைத் தாண்டி எங்கோ போய் விழும்.

பழைய எம்.எம்.ஜி. (வெலிங்டன்):
1947 நவம்பர் 3, காஷ்மீரில் பட்காம். குமாவோன் ரெஜிமென்ட் மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு இடது கை மாவுக்கட்டில். ஆட்கள் விழுந்து எல்.எம்.ஜி.கள் தளர்ந்தபோது அவரே மேகசினில் ரவுண்டு நிரப்பி, சுடுகிறவர்களுக்குக் கொடுத்தார். வெடிபொருள் நடுவே மார்ட்டர் குண்டு விழுந்து வீரமரணம் அடைந்தார். முதல் பரம் வீர் சக்ரா அவருக்கு. கம்பெனி கமாண்டரே செய்யத் துணிந்த வேலை அது, தம்பி.

குன்னூர் கேடட்:
அவர் முன் தலை வணங்குகிறேன். ஆனால் அது என் கட்சிக்கும் பேசுகிறது, ஐயா. அவர் அந்த எல்.எம்.ஜி.களின் நம்பர் டூ இல்லை. தேவைப்பட்டபோது யார் வேண்டுமானாலும் அந்த வேலைக்கு வரலாம் என்றுதானே ஆகிறது?

பழைய எம்.எம்.ஜி. (வெலிங்டன்):
பழகியிருந்தால் வரலாம். எல்லோருக்கும் பழக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நம்பர் டூ யார் என்று முன்கூட்டியே பேர் சொல்லி வைக்காவிட்டால், சண்டையில் அவனவன் தன் ரைபிளைத்தான் பார்ப்பான். பெல்ட் தீரும்போது திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

குன்னூர் கேடட்:
பேர் சொல்லி வைக்கட்டும், சரி. டீச்சர் சொன்னபடி அதை வேலைக்கு வேலை முடிவு செய்யட்டும். எட்டு கிலோ நெகேவைப் பாடத்தில் குழு ஆயுதப் பட்டியலில் சேர்ப்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.